நாற்பத்தைந்து-எழுபது: அருங்காட்சியகத்துக்கா, காட்டுக்கா?

9 செப்டம்பர் 2023, காலை: ஒரு வாசகரின் கேள்வி

அண்ணா, அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கோடையில்தான் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து உரிமம் வாங்கினேன். முதல் துப்பாக்கி வாங்க வேண்டும். மனம் லீவர் துப்பாக்கியில் (விசையைச் சுற்றிய நெம்பியைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றுவது) நிற்கிறது, அதிலும் 45-70 என்ற தோட்டாவுக்கானதில். உடன் வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். 150 ஆண்டுப் பழைய தோட்டா, நூறு கெஜம் தாண்டினால் கல்லைப்போல விழும், தோளை உடைக்கும், சுவரில் மாட்டிவைக்கத்தான் லாயக்கு என்கிறார்கள். நீங்கள் இரண்டு வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவற்றை உண்மையில் காட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா?

9 செப்டம்பர், இரவு

கொண்டுபோகிறேன் தம்பி. பன்னிரண்டு பருவங்களாக வடக்குப் பென்சில்வேனியாவின் பாட்டர் மாவட்டக் காடுகளில் என் தோளில் தொங்குவது அதுதான். ஒன்று மார்லின் 1895. 1972-இல் மறுபிறவி எடுத்த வடிவம், 22 அங்குலக் குழாய், ஏழரை பவுண்டு. இன்னொன்று வின்செஸ்டர் 1886. எண்கோணக் குழாய், 26 அங்குலம், ஒன்பது பவுண்டுக்கும் கூடுதல். மழைநாளில் முதலாவது, காய்ந்த நாளில் இரண்டாவது.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். 45 என்பது குண்டின் பருமன், அங்குலத்தின் நூறு பங்கில் நாற்பத்தைந்து, அளந்தால் .458 வரும். 70 என்பது உறைக்குள் இட்ட கரிமருந்து, கிரெய்ன் என்ற சிறு எடையளவில் எழுபது. மூன்றாவதாக ஓர் எண்ணும் உண்டு: 405. அது ஈயக்குண்டின் எடை, கிரெய்னில். நம் கணக்கில் சொன்னால் மூன்றேகால் பவுன் சங்கிலியின் எடை. உங்கள் நண்பர்கள் வைத்திருக்கும் 6.5 மில்லிமீட்டர் துப்பாக்கியின் குண்டு ஒரு பவுன் சொச்சம். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், பிறகு சிரிக்கட்டும்.

அமெரிக்க ராணுவம் 1873-இல் இந்தத் தோட்டாவை எடுத்துக்கொண்டது, 1892 வரை அதுவே அதன் தோட்டா. வின்செஸ்டரின் 1873, 1876 வடிவங்கள் முழங்கால்போல மடங்கி நிமிரும் இணைப்பை நம்பியவை. ராணுவத் தோட்டாவின் நீளத்துக்கு அவற்றில் இடமில்லை. 1876-க்காகவே குட்டையாக 45-75 என்று ஒன்றைச் செய்து சமாளித்தார்கள். யூட்டாவின் ஆக்டன் நகரில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த ஜான் மோசஸ் பிரௌனிங்தான் வழி கண்டவர். இரண்டு எஃகுக் கட்டைகள் செங்குத்தாக மேலேறி, தோட்டாவைப் பின்னிருந்து அடைக்கும் போல்ட்டை இருபுறமும் பூட்டும்படி வரைந்தார். அதுதான் 1886. லீவரைத் தள்ளும்போது அந்தக் கட்டைகள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். மூடும்போது எண்ணெய் போட்ட தேக்குக் கதவின் தாழ்ப்பாள் விழுவதுபோல ஓர் ஒலி. பைசன் எனும் அமெரிக்கக் காட்டெருமை மந்தைகளை வீழ்த்தியதும் கரடிகளைப் படுக்கவைத்ததும் இந்தத் துப்பாக்கிதான். 45-70 ஏற்றிய முதல் லீவர் துப்பாக்கியும் இதுதான்.

வாங்குங்கள்.

11 செப்டம்பர்

முந்தாநாள் சூட்டில் எழுதியதில் இரண்டு தவறுகள். சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

45-70 ஏற்றிய லீவர் துப்பாக்கிகளில் 1886-க்கு முந்தியது மார்லின் 1881. ஐந்து ஆண்டு மூத்தது. ஒரு வாசகர் தனி மடலில் நினைவுபடுத்தினார், நன்றி.

இரண்டாவது தவறு பெரியது. 1886 கடைக்கு வந்தபோது வீழ்த்துவதற்குப் பைசன் மந்தையே இல்லை. தெற்கு மந்தை 1870-களின் முடிவிலும் வடக்கு மந்தை 1883 வாக்கிலும் தீர்ந்துபோயின. அந்த 1883-இல்தான், பின்னாளில் அமெரிக்க அதிபரான இளைஞர் தியடோர் ரூஸ்வெல்ட் டகோட்டாவுக்கு ஒரே ஒரு பைசனைத் தேடிப் போய், நாள்கணக்கில் மழையில் அலைந்தார். மந்தைகளைத் தீர்த்தவை பெரும்பாலும் ஒற்றைத் தோட்டா ஏற்றும் கனத்த துப்பாக்கிகள். அந்தப் பழியையும் புகழையும் 1886-இன் தலையில் ஏற்றுவது சரித்திரம் ஆகாது. நான் அதைப் பெருமையாக எழுதியது இன்னும் உறுத்துகிறது. அது பெருமைக்குரிய வேட்டை அல்ல. தோலை உரித்துக்கொண்டு இறைச்சியை அழுகவிட்ட வேலை.

12 செப்டம்பர்

விசாவில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். சுருக்கமாக: பச்சை அட்டை இருந்தால் வாங்கலாம். வேலை விசா போன்ற குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். ஏதேனும் ஒரு மாநிலம் தந்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. உரிமம் காலாவதியான நாளில் விலக்கும் போய்விடும். அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

17 செப்டம்பர்

தோளை உடைக்கும் என்ற பேச்சுக்கு வருகிறேன். இதற்கு ஒரே பதில் கிடையாது, ஏனென்றால் 45-70 என்பது ஒரே தோட்டா அல்ல, ஒரே பெயரில் உலவும் மூன்று தோட்டாக்கள். சொந்தமாகத் தோட்டா நிரப்புவோரின் கையேடுகளில் மூன்று தனிப் பிரிவுகளாகவே போட்டிருப்பார்கள். 1873-இன் ராணுவ ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்கும் வயதான துப்பாக்கிகளுக்கும் ஏற்ற மென்மையான நிரப்பு. புதிய லீவர் துப்பாக்கிகள் தாங்கும் நடுத்தரம். ரூகர் நம்பர் 1 போன்ற கனமான ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளுக்கு மட்டுமான கடுமை. பெட்டியின் மேல் பெயர் ஒன்றே. என் 1886-இல் முதல் வகையைத் தவிர வேறு எதுவும் நுழைந்ததில்லை, நுழையவும் விடமாட்டேன். வாங்கும்போது எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

இனி என் கதை. மார்லின் வந்த முதல் ஆண்டு, வலிமைதான் எல்லாம் என்று நினைத்திருந்தேன். 405 கிரெய்ன் குண்டை வினாடிக்கு 1,850 அடி வேகத்தில் தள்ளும், நடுத்தர வகையிலேயே கடினமான தோட்டாக்கள் ஒரு பெட்டி வாங்கி, மேசையில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரே பிற்பகலில் இருபதையும் சுட்டேன். மென்மையான நிரப்பில் அதே குண்டு 1,330 அடியில்தான் போகும். வேகத்தில் ஒன்றரை மடங்குகூட இல்லை, உதையிலோ இரண்டு மடங்கு. மறுநாள் காலை தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அது ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆறாதது வேறு.

பக்கத்துப் பண்ணைப் பெரியவர் எண்பதைத் தாண்டியவர். சிறுவயது முதல் 35 ரெமிங்டன் லீவர் துப்பாக்கி ஒன்றையே வைத்து மான் வேட்டையாடியவர். நான் இலக்குத் தாளில் குண்டுகளைச் சிதறடிப்பதைப் பார்த்துவிட்டு, "கொடு, நான் நிரப்பித் தருகிறேன்" என்று துப்பாக்கியை வாங்கினார். எனக்குத் தெரியாமல் இரண்டு நல்ல தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத வெற்றுத் தோட்டா ஒன்றைச் செருகிவிட்டார். இரண்டாவது முறை விசையை இழுத்தேன். "டிக்" என்று சுத்தியல் மட்டும் விழுந்தது. குழாயின் முனை ஓர் அடி கீழே குத்தியது. தோள் முன்னால் பாய்ந்திருந்தது, கண் மூடியிருந்தது. "வெடிக்கவில்லை, ஆனாலும் குதித்தாய், பார்த்தாயா?" என்றார். உதையை எதிர்பார்த்து உடம்பு முன்கூட்டியே பதறும் அந்தப் பழக்கத்தைப் போக்க, இரண்டு மாதம், உதையே தெரியாத சிறு தோட்டாவுக்கான 22 லீவர் துப்பாக்கியோடு உட்கார வேண்டியிருந்தது. மூன்றேகால் பவுன் ஈயத்துக்கு அவசரமே தேவையில்லை என்பது அப்போதுதான் மண்டைக்குள் போனது. அன்றிலிருந்து இரண்டு துப்பாக்கிகளுக்கும் மென்மையான நிரப்புத்தான்.

பழைய 1886 வாங்கினால் இன்னொன்றையும் கவனியுங்கள். பலவற்றில் தோள்கட்டையின் முடிவில் பிறைவடிவ எஃகுத் தகடு இருக்கும். இன்றைய பழக்கத்தில் அதைத் தோள்குழியில் வைத்தால் பிறையின் இரு கொம்புகளும் எலும்பில் இறங்கும். முழங்கையை உயர்த்தி, தோள்மூட்டுக்கு வெளியே மேற்கையில் பிறையை அணைத்து வைக்க வேண்டும். அந்தக் காலத்தவர் நிமிர்ந்து நின்று சுட்டவர்கள். மேசையில் சாய்ந்து சுடுவதற்காக அது செய்யப்படவில்லை.

24 செப்டம்பர்

"குண்டு ஏன் மொட்டையாக இருக்கிறது? கூராக இருந்தால் காற்றைக் கிழித்துப் போகுமே?"

குழாய்க்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கிறதல்லவா, அதற்குள் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக, முன்னதன் பிட்டத்தில் பின்னதன் மூக்கு முட்டும்படி வரிசையில் படுத்திருக்கும். அந்தப் பிட்டத்தின் நடுவில்தான் தீப்பொறி தரும் பிரைமர். கூர்மூக்கு வைத்தால், சுடும்போது வரும் உதையில் அந்த மூக்கு முன்னிருப்பதன் பிரைமரைக் குத்தி உள்ளேயே வெடிக்கவைக்கலாம். அதனால்தான் நூறாண்டுக்கு மேலாக மொட்டை மூக்கு.

இதற்கு மாற்று வழி கண்டவர்களும் உண்டு. பிரௌனிங்கே வின்செஸ்டர் 1895-இல் அந்தக் கீழ்க்குழாயை விட்டுவிட்டு, விசைக்கு முன்னால் பெட்டி வைத்துத் தோட்டாக்களை மேலும் கீழுமாக அடுக்கினார். ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்குப் போனபோது எடுத்துப்போனது அதுதான், .405 வின்செஸ்டர் தோட்டாவோடு. சிங்கத்துக்கு அதைப் பெரிதும் நம்பினார். முதல் உலகப்போரில் ரஷ்யா தன் ராணுவத் தோட்டாவுக்கு ஏற்ப ஏறக்குறைய மூன்று லட்சம் 1895 துப்பாக்கிகளை வாங்கியது. சாவேஜ் 99-இல் சுழலும் உருளை. கடைசியாக ஹார்னடி நிறுவனம் குண்டின் மூக்கில் அழுத்தினால் வளைந்துகொடுக்கும் ரப்பர் போன்ற முனையை வைத்தது. கூரும் உண்டு, குத்தும் அபாயமும் இல்லை. எனக்கு அது அவசியப்படவில்லை. இருநூறு கெஜத்தில் சுட விரும்புகிறவர்களுக்கு அது நல்ல கண்டுபிடிப்பு.

1 அக்டோபர்

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: ஊரில் இப்படி ஒன்று வைத்திருக்க முடியுமா என்று கேட்கிறார். ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகள்தான். வேட்டை என்ற பேச்சே இல்லை, 1972-இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதை மூடிவிட்டது. அது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். இங்கே நிலைமை வேறு. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் மலைகள் மொட்டையடிக்கப்பட்டு, மான் அரிதாகி, எல்க் எனும் பெரிய மான் இனம் அற்றே போயிருந்தது. 1895-இல் வனவிலங்கு ஆணையம் அமைத்தார்கள், மேலே சொன்ன வின்செஸ்டர் பிறந்த அதே ஆண்டு. வெளியிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1913-இல் யெல்லோஸ்டோனிலிருந்து ரயிலில் எல்க் வந்தது. காடு மறுபடி வளர்ந்தது. இன்று மான் பெருகி இளமரக்கன்றுகளையெல்லாம் மேய்ந்துவிடுவதால் பெட்டை மானுக்கும் உரிமம் தருகிறார்கள், அதையும் எண்ணித்தான். அந்த இரண்டாம் வளர்ச்சிக் காட்டின் அடர்த்திதான் என் துப்பாக்கிக்கும் காரணம். அதை நவம்பரில் எழுதுகிறேன்.

8 அக்டோபர்

இன்று முழுநாள் சுடுதளத்தில். "கல்லைப்போல விழும்" என்பதை அளந்து பார்த்தேன். மார்லின், 405 கிரெய்ன், மென்மையான நிரப்பு, நூறு கெஜத்துக்குக் குறி சரிசெய்தது. நூறில் ஐந்து குண்டுகளும் மூன்று அங்குல வட்டத்துக்குள். நூற்றைம்பதில் எட்டு, ஒன்பது அங்குலம் தாழ்வு. இருநூறில் இரண்டு அடி.

இரண்டு அடி. உங்கள் நண்பர்கள் சொன்னது பொய் இல்லை.

இருநூறு கெஜத்தில் மானின் முதுகுக்கு மேலே ஆகாயத்தைப் பார்த்துச் சுட வேண்டும். தூரத்தைப் பத்து கெஜம் தப்பாக மதித்தாலும் குண்டு வயிற்றில் இறங்கும், அல்லது காலில். அப்படிச் சுட எனக்கு உரிமை இல்லை. என் எல்லை நூறு கெஜம், இனிமேல் அதைத் தாண்டி யோசிப்பதாகவும் இல்லை.

இன்னொன்று. வேகமாக இரண்டாவது தோட்டா ஏற்றும் பயிற்சியில், லீவரை முக்கால்வாசி மட்டும் தள்ளி இழுத்துவிட்டேன். காலி உறை பாதி வெளியேறிய நிலையில் அடுத்த தோட்டா எழும்பி, இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. கத்திமுனையால் நெம்பி எடுக்க ஐந்து நிமிடம். தவறு துப்பாக்கியுடையது அல்ல, கையுடையது. லீவரை மென்மையாகக் கையாளக் கூடாது. அடிக்கட்டையில் முட்டும்வரை அறைந்து தள்ளி, அதே வேகத்தில் இழுக்க வேண்டும். முதல் துப்பாக்கி என்கிறீர்களே, இதை வெற்றுத் தோட்டாவோடு வீட்டில் ஐந்நூறு முறை செய்யுங்கள்.

9 அக்டோபர்

நேற்றைய கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், யாராவது எடுத்துக்காட்டுவதற்கு முன் நானே சொல்கிறேன். மென்மையான 45-70-இன் ஆற்றல் குழாய் முனையில் ஏறக்குறைய 1,590 அடி-பவுண்டு. 170 கிரெய்ன் குண்டு கொண்ட சாதாரண 30-30 என்ற சிறிய தோட்டா தருவது 1,800-ஐத் தாண்டும். தாளில் பார்த்தால் நான் இத்தனை கனம் தூக்குவது வீண். ஆனால் ஆற்றலின் கணக்கில் வேகம் இருமுறை பெருக்கப்படுகிறது, எடை ஒருமுறைதான். தசைக்குள் போகும்போது நடப்பது வேறு கணக்கு. அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த தட்டை மூக்கு, நுழைந்த துளையையே பெரிதாக்கிக்கொண்டு நேராகப் போய் மறுபுறம் வெளியேறும். என் பன்னிரண்டு பருவங்களில் ஒரு குண்டுகூட உடலுக்குள் தங்கியதில்லை.

18 நவம்பர், இரவு

கரடிப் பருவத்தின் முதல் நாள்.

இடத்தை முதலில் சொல்ல வேண்டும். மலைச்சரிவின் மேல்பாதியில் ஓக். கீழே நீரோடை, ஹெம்லாக் மரங்கள். இரண்டுக்கும் நடுவே மலை லாரல் புதர். ஆள் உயரம், இலை உதிர்க்காதது, கிளைகள் முறுக்கிக்கொண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தது. கரடி பகலில் படுப்பது அதற்குள்தான். அங்கே இருநூறு கெஜம் என்பதே கிடையாது. நிமிர்ந்து பார்த்தால் அறுபது, குனிந்து பார்த்தால் இருபது.

சூரியன் எழுவதற்கு அரை மணி முன்பே சட்டப்படி தொடங்கலாம். நான் ஆறு மணிக்கெல்லாம் விழுந்த ஹெம்லாக் ஒன்றின் வேர்க்கட்டையில் முதுகைச் சாய்த்துவிட்டேன். தலையிலும் மார்பிலும் முதுகிலும் சட்டம் கேட்கும் 250 சதுர அங்குல ஆரஞ்சு. மடியில் மார்லின். பத்தரை மணிக்கு லாரலுக்குள் ஒரு சுள்ளி முறிந்தது. மான் நடந்தால் இரண்டு எட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு எட்டு. இது நிற்கவில்லை. யாரோ அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டு வருவதுபோல ஒரே சீரான உரசல்.

கருப்பு தெரிந்தது. நிழலைவிடக் கருப்பு, அப்படி ஒரு கருப்பு காட்டில் வேறு எதற்கும் இல்லை. ஐம்பது கெஜம் இருக்கலாம். சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தேன். அந்த "கிளிக்" எனக்கு இடிபோலக் கேட்டது. கரடி நின்றது. இலைகளின் இடைவெளியில் தெரிந்தது ரோமம் மட்டும், தட்டு அளவுக்கு. தோளா, தொடையா? குழாய் முனையிலுள்ள முன்குறி அதன்மேல் நிலையாக நின்றது. கை நடுங்கவில்லை. அது எந்தப் பகுதி என்று மட்டும் தெரியவில்லை.

நின்றேன். அதுவும் நின்றது. ஒரு நிமிடமா மூன்று நிமிடமா, சொல்ல முடியாது. பிறகு அந்தத் தட்டு இடப்புறம் நழுவி, ஒரு கணம் வட்டமான காதும் மரநிற மூக்கும் தெரிந்து, மறைந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது பின்தொடை.

சுத்தியலை இறக்குவதுதான் இந்தத் துப்பாக்கிகளில் ஆபத்தான வேலை. குளிரில் மரத்த விரல், அழுத்தப்பட்ட விசை, உயிருள்ள தோட்டா. குழாயை நிலத்துக்குத் திருப்பி, சுத்தியலை இறுகப் பிடித்து, விசையைத் தொட்டவுடன் விட்டு, சுத்தியல் பாதியில் தங்கி நிற்கும் பாதிக் கொக்கியில் அது உட்காரும் ஒலி கேட்டபிறகுதான் மூச்சு விட்டேன்.

19 நவம்பர்

இரவெல்லாம் யோசித்தேன். செப்டம்பரில் "கரடியைப் படுக்கவைக்கும்" என்று எழுதியிருந்தேன். குண்டு படுக்கவைக்காது, குண்டு போய்ச் சேரும் இடம் படுக்கவைக்கும். நேற்று அந்தத் தொடையில் சுட்டிருந்தால் கரடி லாரலுக்குள் போய் இரண்டு நாள் துடித்துச் செத்திருக்கும்.

அலாஸ்கா வேறு கணக்கு, அதை மறுக்கவில்லை. அங்கே கூப்பர் லேண்டிங்கில் ஹரால்ட் ஜான்சன் என்ற துப்பாக்கிக் கைவினைஞர், 1886-இன் வாரிசான வின்செஸ்டர் 71-ஐ எடுத்து, அதன் .348 தோட்டாவின் கழுத்தை .458-க்கு விரித்து, .450 அலாஸ்கன் என்று ஒன்றைச் செய்தார். பழுப்புக் கரடி பத்து கெஜத்தில் எதிரே வரும் ஊரில் அந்த உதைக்கு அர்த்தம் உண்டு. பாட்டர் மாவட்டத்துக் கருங்கரடிக்கு அலாஸ்காவுக்கு ஏற்ற கடுமையை நான் தேடியது அந்த முதல் ஆண்டின் மயக்கம்.

25 நவம்பர்

மான் பருவம் திறந்தது. முன்பு நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த திங்கள் திறக்கும், பள்ளிகளுக்கே விடுமுறை விடுவார்கள். 2019 முதல் சனிக்கிழமை ஆகிவிட்டது. பெரியவருக்கு அது இன்னும் ஒப்பவில்லை.

காலை ஒன்பதுக்கு நல்ல கிடா ஒன்று எதிர்ச்சரிவில் குறுக்கே நடந்தது. நூற்று நாற்பது கெஜம். கொம்பின் ஒரு பக்கத்தில் நான்கு முனைகள் வரை எண்ணினேன். தொலைநோக்கி வைத்த போல்ட் துப்பாக்கி கையில் இருந்தால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பேன். தம்பி, இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் பணம் கொடுத்து வாங்கப்போகிறீர்கள். இந்தத் துப்பாக்கியோடு இப்படிப்பட்ட காலைகள் வரும். அந்தக் கிடா மேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது.

2 டிசம்பர், இரவு

இரண்டு அங்குலப் பனி, வடமேற்குக் காற்று, காய்ந்த குளிர். அதனால் இன்று 1886. பெட்டை மானுக்கான உரிமம் இருந்தது. (அதற்குப் போன ஆண்டுவரை இளஞ்சிவப்பு உறையில் மாவட்டக் கருவூலத்துக்குத் தபாலில் விண்ணப்பிக்க வேண்டும், இந்த ஆண்டு முதல் கணினியிலேயே. அந்த உறையை ஒட்டும்போது பருவம் தொடங்கிவிட்டதாக ஓர் உணர்வு வரும். அது போய்விட்டது.)

ஒரே இடத்தில் உட்காரவில்லை. காற்று முகத்தில் அடிக்கும்படி ஹெம்லாக் ஓடையோரமாக நடந்தேன். ஒரு மணி நேரத்தில் முந்நூறு கெஜம் நடந்திருப்பேன். இரண்டு அடி, நிறுத்தம், மரங்களுக்கு நடுவே படுக்கைவாட்டில் ஏதேனும் கோடு இருக்கிறதா என்று தேடல். காட்டில் மரமெல்லாம் நிமிர்ந்து நிற்கும், மானின் முதுகு மட்டுமே படுக்கைவாட்டில் இருக்கும்.

கண்டது முதுகை அல்ல, காதை. காது திரும்பியது. பிறகுதான் அதைச் சுற்றி மான் உருவானது. அதற்குப் பின்னால் இன்னொன்று, பெரியது. பனிக்கு எதிரே என் வெள்ளை மணி முன்குறி தெரியவே இல்லை. பின்குறியின் வளைவு இருக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை. ஒரு கணம் திகைத்துவிட்டேன். பெரிய பெட்டை ஓர் எட்டு எடுத்து வைத்தது, அதன் பழுப்புத் தோள் குறிக்குப் பின்னால் வந்தது, மணி பால்துளிபோல அதன்மேல் தோன்றியது.

உதையை உணரவில்லை, ஒலியும் நினைவில் இல்லை. லீவர் முட்டும்வரை போய்த் திரும்பியது தெரியும், ஏனென்றால் காலி உறை தொப்பிக்கு மேலே பறந்து, வலப்பக்கம் பனியில் "சுர்" என்று ஒரு துளை போட்டு உள்ளே போனது. மான் முப்பது தப்படி ஓடி, ஓடையின் இந்தக் கரையில் முன்னங்கால் மடிந்து விழுந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அது நின்ற இடம் வரை எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டு தப்படி.

அருகே போய் உட்கார்ந்தேன். கண் திறந்திருந்தது, இமையில் பனித்துகள் உருகாமல் நின்றது. சிறிது நேரம் எதுவும் செய்ய முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகியும் இந்தச் சில நிமிடங்கள் இலகுவாகவில்லை, ஆகவும் வேண்டாம். பிறகு அடையாளச் சீட்டை எழுதி, காதில் கட்டி, கத்தியை எடுத்தேன். குண்டு விலாவுக்குள் நுழைந்து மறுவிலாவில் வெளியேறியிருந்தது. வேகத் தோட்டாக்களில் துளையைச் சுற்றிக் கையகலக் கறி இரத்தம் கட்டிக் கூழாகிவிடும். இதில் துளையின் ஓரம்வரை நல்ல கறி.

பனியில் கைவிட்டுத் துழாவிப் பித்தளை உறையையும் எடுத்துக்கொண்டேன்.

3 டிசம்பர்

சமையல் கேட்டவர்களுக்கு: கொழுப்பே இல்லாத கறி, ஆட்டுக்கறி என்று நினைத்து வேகவிட்டால் செருப்புத்தோல் ஆகிவிடும். முதுகோரக் கறியை விரல் பருமனில் அரிந்து, மிளகு, சோம்பு, பூண்டு இடித்துப் புரட்டி, நல்லெண்ணெயில் கல் புகையும்போது போட்டு, நான்கே நிமிடம். கடைசியில் தேங்காய்ச் சில்லும் கறிவேப்பிலையும். தொடைக்கறியைத் தனியாகக் குழம்புக்கு வையுங்கள், அதற்கு இரண்டு மணி நேரம் வேண்டும். பெரியவர் வீட்டுக்கு ஒரு தொடை போனது. என் மனைவி மிளகு வறுவலையும் கிண்ணத்தில் கொடுத்தனுப்பினாள். கிண்ணம் காலியாகத் திரும்பியது, உள்ளே ஓர் ஆப்பிள்.

14 ஜனவரி 2024

1886-ஐப் பற்றி ஒரு திருத்தம். விற்றவர் கட்டியிருந்த சீட்டில் 1897 என்று இருந்தது. அது உண்மையானால் 1898-க்கு உட்பட்ட துப்பாக்கி, கூட்டாட்சிச் சட்டத்தில் தொல்பொருளாகிவிடும். கடையில் படிவமும் பின்னணிச் சோதனையும் தேவைப்படாது. நான் ஒரு கடை வழியாகப் படிவம் நிரப்பியே வாங்கினேன், ஐயம் இருந்ததால். வயோமிங்கின் கோடி நகரத்தில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகம் வின்செஸ்டரின் பழைய பதிவேடுகளை வைத்திருக்கிறது. தொடர் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் அந்தத் துப்பாக்கியின் பதிவைக் கடிதமாக அனுப்புவார்கள். நேற்று வந்தது. எண்கோணக் குழாய், 45-70, சாதாரண விசை. கிடங்குக்கு வந்த ஆண்டு 1901. ஆக, சீட்டு தவறு, படிவம் சரி. பழையது வாங்கும்போது விற்பவர் சொல்லும் ஆண்டை நம்பிச் சட்டத்தில் கால் வைக்காதீர்கள். தொடர் எண்ணை எழுதிக்கொண்டு வந்து விசாரியுங்கள்.

பிட்ஸ்பர்க் தம்பி மார்லின் ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டதாக எழுதியிருக்கிறார். முதலில் 22 லீவர் ஒன்றும் வாங்குங்கள், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை வருவதென்றால் காதடைப்பான் மட்டும் கொண்டுவாருங்கள். தோட்டா நான் தருகிறேன்; நடுவே ஒன்று வெற்றுத் தோட்டாவாக இருக்கும்.